நாலாவது மூலை

இந்தக் கையை என்ன செய்யிறது, சொல்லுங்கோ. நான் ஒண்டும் நினைக்கேல்லை, கை தன்ர பாட்டிலை செய்துபோட்டுது. இவர் குளிச்சு வெளிக்கிட்டு, மாப்பிள்ளைப் பெடியன் லூக்கின்ர தகப்பனோடை திராட்சைத் தோட்டம் பாக்கப் போறன் எண்டு படியிறங்கி ஐஞ்சு நிமிசம் இராது, பல்லுத் தீட்டினன், முகம் கழுவினன், திரும்பிப் பாக்கிறன், கட்டில் விரிச்சாச்சு. ஆர் விரிச்சது? நான்தான், வேற ஆர். தலகணி ரெண்டையும் தட்டி நிமித்தி, உறையின்ர வாய் கதவுக்கு மற்றப் பக்கம் பாக்க வைச்சிருக்கிறன். விரிப்பை இழுத்து மெத்தைக்குக் கீழை செருகி, மூலையளைக் கடித உறை மாதிரி மடிச்சிருக்கிறன். குளியலறைக் கண்ணாடியிலை ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. பாவிச்ச துவாய் ரெண்டையும் சுருட்டிக் கதவடியிலை வைச்சிருக்கிறன், ஓட்டல் தள்ளுவண்டி வந்து எடுக்கும் எண்டாக்கும்! ஐயோ தவமலர், நீ இஞ்சை விருந்துக்கு வந்தவளடி. அதுக்கும் மேலை, பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தவள், மாப்பிள்ளை வீடு பாக்க வந்தவள். வீடு பாக்க வந்த எந்தத் தாய் அந்த வீட்டுக் கட்டிலை விரிச்சு வைப்பாள்? ஆரும் வாறதுக்கு முதல் இதைக் கலைச்சுவிடவேணும்.

மணி அடிக்குது, எட்டேகால். இந்த ஊர்ச் சேர்ச்சிலை காலுக்கு, அரைக்கு, முக்காலுக்கு எல்லாம் அடிப்பினம், நேரம் போறதை ஒரு மனுசரை மறக்க விடமாட்டினம். ஒன்பதரைக்குக் காலைச் சாப்பாடு. ஒன்பதரைக்கு நான் கீழை போய், என்ர மகள் நிரூவின்ர முகத்தைப் பாத்து, ஓம் எண்டோ வேண்டாம் எண்டோ சொல்லவேணும். அவ்வளவுதான் விசயம், ஒரு சொல்லு. நேற்றுக் காரிலை வரேக்கை சொன்னவள், ரோட்டைப் பாத்தபடி, என்னைப் பாக்காமல்: "அம்மா, நீங்கள் வந்து அந்த வீட்டைப் பாருங்கோ, ஆக்களைப் பாருங்கோ. உங்களுக்கு மனம் இல்லையெண்டால் நான் லூக்குக்கு இல்லையெண்டு சொல்லிப்போடுவன். சத்தியமா." முப்பது வயது. மருந்துக்கடையிலை வெள்ளைக் கோட்டோடை நிண்டு, டொக்டர்மார் எழுதினதையே பிழை பிடிச்சுத் திருப்பி அனுப்புற பிள்ளை. அவள் சண்டை பிடிச்சிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். நான் அவனைத்தான் கட்டுவன், உங்களாலை ஏலுமானதைப் பாருங்கோ எண்டு கத்தியிருந்தால் நானும் கத்தி, அழுது, ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, பேந்து ஓமெண்டிருப்பன். எங்கட வீட்டுக் கலியாணம் எல்லாம் அப்பிடித்தானே நடந்தது. இது அப்பிடியில்லை, முழுப் பாரத்தையும் தூக்கி என்ர மடியிலை வைச்சிட்டாள். இவர் என்னடாவெண்டால், தாயும் மகளும் பட்டபாடு எண்டு கழண்டிட்டார். சாதி, சமயம், சனம் என்ன சொல்லும் எண்டு ஒரு கிழமையா முனகின மனுசன், நேற்றுப் பின்னேரம் வெள்ளை வைன் ரெண்டு கிளாஸ் உள்ளை போனதோடை லூக்கின்ர தகப்பன்ர தோளிலை கைபோட்டுக்கொண்டு நிக்கிறார். தகப்பனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குப் பிரெஞ்சு, சமையலறையிலை பொறுக்கின குசினிப் பிரெஞ்சு. என்னத்தைக் கதைச்சினமோ, விழுந்து விழுந்து சிரிச்சினம்.

எண்டாலும் சும்மா சொல்லக்கூடாது. வடிவெண்டால் அப்பிடியொரு வடிவு. யன்னலைத் திறந்தால் முழுக்க வாவி. அந்தப் பக்கம் பிரான்சின்ர மலை, நீலமா, காலமை எண்டபடியால் இன்னும் அரை நித்திரையிலை கிடக்கு. தண்ணி அசையாமல் கிடந்து, ஒரு வெள்ளைக் கப்பல் போனாப் பிறகுதான் தண்ணி எண்டு தெரியுது. இந்தப் பக்கம், வீட்டின்ர முதுகிலை இருந்து மலை உச்சி மட்டும் திராட்சை, கல்லுச் சுவர், திராட்சை, கல்லுச் சுவர், படிபடியா ஏறுது. எங்கட ஊர் உரும்பிராயிலை திராட்சையைப் பந்தலிலை ஏத்தி விடுவினம், அண்ணாந்து நிண்டுதான் குலையைப் பாக்கவேணும். இஞ்சை இடுப்பளவு உயரத்திலை வரிசை வரிசையா நிக்குது, காலமைப் பிரார்த்தனைக்கு நிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி. மேலை இருந்து வாற வெயில் போதாதெண்டு வாவியிலை பட்டுத் திரும்பி வாற வெயிலும், பகல் முழுக்கச் சுவருக்குள்ளை ஊறிப் பின்னேரம் வெளியிலை வாற சூடும் சேந்துதான் குலை பழுக்குதெண்டு லூக் நேற்றுச் சொன்னவன். அதுதான் அவன் நேற்றுக் கதைச்ச நீளமான கதை. மற்றும்படி வாயே இல்லை. வாசல் நிலையிலை 1768 எண்டு வெட்டிக் கிடக்கு. முந்தி வைன் பீப்பா ஏத்த வாற வள்ளக்காரர் படுத்தெழும்பக் கட்டினதாம். படிக்கல்லு ஒவ்வொண்டும் நடுவிலை தேய்ஞ்சு குழிஞ்சிருக்கு. அந்தக் குழியிலை கால் வைக்கேக்கை எனக்குள்ளை ஒரு கூச்சம், எத்தினை பேரின்ர கால் இது. நாங்கள் ஒரு வீடு கட்டி அதிலை பதினொரு வருசம் இருந்தம், அவ்வளவுதான். இவையள் ஒரே வீட்டிலை எட்டுத் தலைமுறை. பொறாமை எண்டு சொல்லமாட்டன். பொறாமைதான், என்னத்துக்கு ஒளிப்பான்.

எங்கட வழக்கத்திலை சம்பந்தம் பேச முதல் விசாரிப்பம். பெடியன் குடிப்பானோ, தாய் பொல்லாதவளோ, வீட்டிலை ஆற்றை சொல் எடுபடும், எல்லாம் அயலுக்குள்ளை நாலு பேரைக் கேட்டால் வந்துடும். இஞ்சை ஆரைக் கேக்கிறது? என்ர பிரெஞ்சும் அரைவாசி; கேட்டால் விளங்கும், கதைக்கப் போனால் துவாய், சவுக்காரம், மன்னிக்கோணும் மடாம் பிறகு வாறன், இதைத் தாண்டிப் போகாது. அப்ப நான் என்ன செய்தன், அறையை விசாரிச்சன். நேற்று வந்து பெட்டியை வைச்ச உடனை, இவர் குளிக்கப் போன நேரம் பாத்து, கதவு நிலையின்ர மேல்பக்கம் விரலை ஓட்டினன். தூசி இல்லை. அலுமாரிக்கு மேலை, கதிரை ஏறிப் பாத்தன். இல்லை. சுவரோடை நிண்டு அறையைச் சூடாக்கிற இரும்புக்குப் பின்னாலை, அங்கை ஒருத்தரும் துடைக்கமாட்டினம், நானே நாலு நாளைக்கொருக்காத்தான் துடைக்கிறனான், அங்கையும் இல்லை. இவர் வெளியிலை வந்தாப் பிறகு குளியலறைக்குள்ளை போய், தண்ணி போற ஓட்டையின்ர மூடியைத் தூக்கி மணந்து பாத்தன். சிரியாதேங்கோ, ஒரு வீட்டின்ர குணம் அதுக்குள்ளைதான் கிடக்கு. கட்டில் விரிப்பு பழைய லினன், மூலையிலை சிவப்பு நூலாலை ரெண்டு எழுத்து, இந்த வீட்டுக்கு வந்த எந்தக் காலத்து மருமகளோ. நடுவிலை ஓரிடம் கிழிஞ்சு போயிருக்கு. அதை எறியேல்லை, இழைக்கு இழை கோத்துத் தைச்சிருக்கினம், கை வைச்சால்தான் தெரியும். அந்தத் தையலை நான் ரெண்டு தரம் தடவிப் பாத்தன். கடைசியிலை ஒரு குறை பிடிச்சன்: யன்னலின்ர ரெண்டு கண்ணாடிக்கும் நடுவிலை ஒரு செத்த இலையான், ஒரேயொரு ஈ. எனக்கு வந்த சந்தோசத்தைக் கேக்கோணுமே!

பிறகு அந்த மூலை. கால்மாட்டிலை, யன்னல் பக்கத்து மூலை. இண்டைக்குக் காலமை கை தன்ர பாட்டிலை விரிக்கேக்கை மற்ற மூண்டு மூலையையும் உருவித் திரும்ப மடிச்சது, அதை மட்டும் தொட மனம் வரேல்லை. ரெண்டு பேர் படுத்தெழும்பியும் ஒரு சுருக்கமில்லை, ஒரு தளர்வில்லை. இந்தக் காலத்திலை எல்லா இடமும் இலாஸ்டிக் விரிப்பு, மாட்டிவிட்டால் முடிஞ்சுது. தட்டை விரிப்பிலை இப்பிடி ஒரு மூலை எடுக்கிறதெண்டால் பழகின கை வேணும், பழகினால் மட்டும் போதாது, மனமும் வேணும். மடிப்பு இடப்பக்கம் பாத்துக் கிடக்கு. நாங்கள் எடுத்தால் வலப்பக்கம் பாக்கும். போர்த்துக்கல்காரி ஆராவதாக்கும், இந்தப் பக்கம் அறை வேலைக்குக் கூட வாறது அவையள்தானே, ஒவ்வொரு நாட்டுக்காரிக்கும் ஒவ்வொரு பழக்கம். ஆரெண்டாலும் அந்தப் பிள்ளையின்ர கையை ஒருக்காப் பிடிச்சுப் பாக்கவேணும். நான் வேலை செய்த ஓட்டலிலை நாளுக்குப் பதினாறு அறை. இருபத்திமூண்டு வருசத்திலை இப்பிடி மூலை எடுத்த ரெண்டு பேரைத்தான் கண்டிருக்கிறன், அதிலை ஒராள் நான்.

அட, இதைத்தானே நான் யோசிக்காமல் விலத்தி விலத்திப் போறன். இருபத்திமூண்டு வருசம் நான் ஆற்றையோ கட்டிலை ஏன் விரிச்சனான்? இவள் விரிக்கக்கூடாதெண்டுதானே. ஏழு வயதிலை ஒருநாள், பள்ளிக்கூட லீவு, பாக்க ஆளில்லை, கூட்டிக்கொண்டு போயிட்டன். ஒரு மூலையிலை இரு எண்டால் இராமல், அம்மா நானும் எண்டு விரிப்பின்ர ஒரு நுனியைப் பிடிச்சு இழுத்தாள். பளாரெண்டு கையிலை அடிச்சுப்போட்டன். "நீ இதைத் தொடக்கூடாது. ஒருநாளும் தொடக்கூடாது." பிள்ளை அழேல்லை, கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிண்டாள். அண்டைக்குப் பிறகு வீட்டிலையும் தன்ர கட்டிலைக்கூட விரிக்க நான் விட்டதில்லை, நீ போய்ப் படி, போய்ப் படி. படிச்சாள். வெள்ளைக் கோட்டுப் போட்டாள். நான் எல்லாருக்கும் போன் அடிச்சுச் சொன்னன். இப்ப அவள் தேடிப் பிடிச்சிருக்கிற வீட்டைப் பாருங்கோ, விடுதி! பன்ரெண்டு அறை, இருபத்திநாலு தலகணி. எட்டுத் தலைமுறையா மருமகள்மார் விரிச்ச கட்டில், ஒன்பதாவது ஆள் என்ர மகளோ? மாமியாருக்கு வயது போக, ஒருநாள் நடுவிலை, நிரூ, கொஞ்சம் மேலை அந்த அறையைப் பாத்துவிடம்மா எண்டுவினம். முதல்நாள் உதவி, ரெண்டாம்நாள் கடமை. எனக்குத் தெரியாதே. அப்ப நான் அடிச்ச அந்த அடி என்னத்துக்கு? பிள்ளையின்ர கை சிவந்தது என்னத்துக்கு? இல்லையெண்டுதான் சொல்லவேணும். எட்டரை அடிச்சிட்டுது. இல்லையெண்டு சொன்னால் அவள் அழமாட்டாள், அண்டைக்கு மாதிரிக் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிப்பாள். அதை நான் எப்பிடிப் பாப்பன்.

பெடியனைப் பற்றியும் ஒண்டும் பிடிபடுதில்லை. உயரமாய், கல்லுச் சுவரிலை ஒரு கல்லை உருவி நிப்பாட்டின மாதிரி. நேற்று வந்த உடனை இவருக்கு வைனும் எனக்குத் திராட்சை ரசமும் கொண்டு வந்தான். நீட்டினதோ இடக்கையாலை! ஒரு சம்பந்தம் பேச வந்த இடத்திலை முதல்முதலாக் குடுக்கிறதை இடக்கையாலை குடுத்தால் நான் என்னெண்டு வாங்கிறது? வாங்கினன், மேசையிலை வைச்சன், குடிக்கேல்லை. நிரூ என்னைப் பாத்தாள், கண்ணைக் கீழை போட்டாள். அவையளுக்கு அதெல்லாம் ஒண்டுமில்லைத்தான், எனக்குத் தெரியும், தெரிஞ்சும் மனம் கேக்குதில்லையே. பிறகு சாப்பாட்டு மேசையிலை அவன்ர தாய் ஒடில், அறுபத்தைஞ்சு வயது, மெலிஞ்ச மனுசி, தலைமயிரைக் கட்டையா வெட்டினவ, நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள் எண்டு கேட்டா. இவர் முந்திக்கொண்டு, ஓட்டல் எண்டார். ஓ, ஓட்டலோ எண்டு அவ முகம் மலர்ந்தா. நான் தலையாட்டினன். ஓட்டலிலை என்ன வேலை எண்டு அவவும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. லூக் ஒருக்கா நிமிர்ந்து என்ர கையைப் பாத்தான். நான் கையை மேசைக்குக் கீழை எடுத்திட்டன். களவெடுத்த மாதிரி. ஒரு களவும் எடுக்காத கை!

சரி, கலைப்பம். விருந்தாளியள் எப்பிடிப் போட்டிட்டுப் போவினம்? ஒரு கால் நிலத்திலை, ஒரு தலகணி சுவரோடை, போர்வை பாம்புச் சட்டை மாதிரி. இருபத்திமூண்டு வருசம் பாத்ததுதானே. போர்வையை இழுத்து எறிஞ்சன். அது வடிவா மடிஞ்சு விழுந்துது, சனியன். ஏறிப் படுத்து ரெண்டு தரம் உருண்டன். எழும்பிப் பாத்தால் பூனை படுத்த இடம் மாதிரி ஒரு பள்ளம், மற்றதெல்லாம் இழுத்த படியே நிக்குது. இன்னொருக்கா உருண்டன். அம்பத்தெட்டு வயதிலை, சீலை உடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக் கட்டிலிலை உருளுறன், இவர் கண்டால் செத்தன். கை கலைக்கப் போகும், போன கை தடவி நேராக்கிப்போட்டு வரும். எனக்குக் கலைக்கத் தெரியேல்லை, பாத்தீங்களோ. ஒரு விருந்தாளியா ஒரு காலமை இருக்கக்கூடத் தெரியேல்லை. அழுகையும் சிரிப்பும் ஒண்டாய் வருது.

கதவிலை தட்டுப்படுது. ரெண்டு தரம், மடக்கின விரல் எலும்பாலை, ஒரு இடைவெளி, பிறகு ஒருக்கா. எனக்குத் தெரியும் இந்தத் தட்டு, வேலைக்குத் தட்டுற தட்டு. போர்த்துக்கல்காரி எண்டு நினைச்சுத் திறந்தால் ஒடில். முழங்கையிலை புதுத் துவாய். என்னைப் பாத்துச் சிரிச்சா, உள்ளுக்கு வந்தா, கதவடியிலை சுருட்டின துவாயைப் பாத்தா. சிரிப்பு நிண்டுது. கட்டிலைப் பாத்தா. போய்க் கால்மாட்டிலை போர்வையைத் தூக்கி, கதவுப் பக்கத்து மூலையைப் பெருவிரலாலை அமத்தினா. பிறகு தலைமாடு ரெண்டும். யன்னல் பக்கத்து மூலையிலை கனநேரம் நிண்டா. திரும்பினா. "நீங்கள் ஓட்டலிலை அறை வேலையோ?" எனக்குக் காது ரெண்டும் பத்தியெரியுது. ஒளிக்க என்ன கிடக்கு இனி. "ஓம் மடாம். வாவி முடியிற இடத்துப் பெரிய ஓட்டல். இருபத்திமூண்டு வருசம்." அவ துவாயைக் கதிரையிலை போட்டிட்டுத் தன்ர வலக்கைப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினா. மூட்டு மொளி வீங்கி, வளைஞ்சு கிடக்கு. நான் என்ர பெருவிரலைத் தூக்கினன். அதே மொளி, அதே வளைவு. மூலை செருகுற விரல். "எனக்கு நாப்பத்தொண்டு வருசம்," எண்டா. ரெண்டு பேரும் விரலைத் தூக்கிக்கொண்டு நிக்கிறம், ஆராவது பாத்தால் என்ன நினைப்பினம்.

அந்தத் துணிவிலை கேட்டுப்போட்டன். கேக்க வேண்டியதைத்தானே கேக்கவேணும். கட்டிலைக் காட்டி, கையை விரிச்சு, எனக்கிருக்கிற பிரெஞ்சையெல்லாம் கூட்டிப் பெருக்கி: "என்ர மகள் படிச்சவள். நான் விரிச்சது அவள் விரிக்கக்கூடாதெண்டு. இஞ்சை வந்து அவள் இதைச் செய்ய நான் விடமாட்டன்." ஒடிலுக்குக் கோவம் வரும் எண்டு நினைச்சன். அவ கட்டில் விளிம்பிலை இருந்தா. யன்னல் பக்கத்து மூலையைக் காட்டி, இது ஆர் விரிச்சதெண்டு நினைக்கிறீங்கள் எண்டு கேட்டா. நீங்கள், எண்டன். இல்லையெண்டு தலையை ஆட்டினா. கதவுப் பக்கத்து மூலையை உருவித் திரும்ப எடுத்துக் காட்டினா, கெதியா, வடிவா. மடிப்பு வலப்பக்கம் பாத்துது, என்ர மாதிரி. அப்ப, இடப்பக்கம்? இடப்பக்கம் பாக்க மடிக்கிறதெண்டால் இடக்கையாலை எல்லோ செருகவேணும்.

இடக்கை.

"லூக்?" எண்டன். "லூக்," எண்டா. பதின்நாலு வயதிலை இருந்து அறையள் அவன்தானாம் பாக்கிறது. தோட்டமும் அறையும் அவன்ர, மருந்துக்கடை அவளின்ர, அதை அவையள் ரெண்டு பேரும் எப்பவோ கதைச்சு முடிச்சிட்டினமாம். நேற்று இந்த அறைக்குள்ளை தாயைக்கூட விடேல்லையாம். மூண்டு தரம் விரிச்சு உருவி விரிச்சானாம். நிரூ அவனுக்குச் சொல்லியிருக்கிறாள்: என்ர அம்மாவைப் போல கட்டில் விரிக்க இந்த வாவிக்கரையிலை ஆளில்லை, அம்மா வந்தால் முதலிலை மூலையைத்தான் பாப்பா. நான் ஒளிச்சுவைச்ச கையை என்ர பிள்ளை ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறாள். நேற்று அவன் என்ர கையைப் பாத்தது அதுக்குத்தானே. அந்த ரசத்தைக்கூட நான் குடிக்கேல்லை. பேந்து நானும் ஒடிலும் ஆளுக்கொரு பக்கம் நிண்டு விரிப்பை இழுத்தம். அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நாலாவது மூலையை ரெண்டு பேரும் தொடேல்லை. போகேக்கை யன்னலிலை அந்தச் செத்த இலையானைக் கண்டு அவ நாக்கைக் கடிச்சா. நான் காணாத மாதிரி நிண்டன்.

ஒன்பதரை அடிக்குது. தேய்ஞ்ச படியின்ர குழிக்குள்ளை கால் வைச்சு இறங்கினன். கீழை நீட்டு மேசை, பாண், வெண்ணெய், தட்டு நிறைய மஞ்சள் திராட்சை. இவர் தோட்டத்திலை நிண்டு வந்த சப்பாத்து மண்ணோடை, வாய் நிறையச் சாப்பாடு. லூக் கோப்பிக் கேத்திலோடை நிக்கிறான். நிரூ கதிரைக்குப் பின்னாலை நிக்கிறாள், கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு. ஏழு வயதிலை நிண்ட அதே நிலை.

"அம்மா?" எண்டாள்.

"பிள்ளை, உனக்குக் கட்டில் விரிக்கத் தெரியாதெண்டு இந்தப் பெடியனுக்குச் சொல்லிப்போட்டியோ?"

ஒரு கணம் முழிச்சாள். பேந்து விளங்கிட்டுது. பின்னாலை கட்டின கை ரெண்டும் முன்னுக்கு வந்து முகத்தைப் பொத்திச்சுது. லூக் ஒண்டும் விளங்காமல் அவளையும் பாக்கிறான், என்னையும் பாக்கிறான், இடக்கையிலை கேத்தில் அந்தரத்திலை நிக்குது. நான் கதிரையை இழுத்து இருந்து, கோப்பையை அவன்ர இடக்கைப் பக்கம் நீட்டினன்.

"ஊத்து தம்பி," எண்டன், தமிழிலைதான்.